கோட்டைக்குள் ஒரு தேவாலயம்

சென்னைக் கோட்டையினுள்ளே, கவர்னர் ஸ்ட்ரேன்ஷாம் மாஸ்டரின் காலத்தில், 1678-ஆம் வருஷம் ஆரம்பித்து 1680-இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற புனித மேரி தேவாலயத்தின் விசேஷம், பீரங்கிக் குண்டுக்கும் கடற்புயலுக்கும் ஈடுகொடுக்கும்படி, மரத்தை அறவே விலக்கி, கனத்த சுவர்களின்மேல் செங்கல்லால் வளைத்துக் கட்டிய அதன் கூரையே ஆகும். ராபர்ட் கிளைவ் 1753-இல் விவாகம் செய்துகொண்டது இங்கேதான். முற்றத்தில் பாவியுள்ள கல்லறைக் கற்களோ, பழைய மயானத்தில் கிடந்தவை. 1758-59 முற்றுகையின்போது பிரெஞ்சுச் சேனைக்கு அக்கல்லறைகள் மறைவிடமாய் உதவிவிட்டமையால், பின்னர் பெயர்த்தெடுத்து இங்கே கொணரப்பட்டன. பகைமை செய்த உபகாரம் என்றே சொல்ல வேண்டும்! அவற்றுள் 1652-ஆம் வருஷத்துக் கல்லொன்றும் உண்டு. கோட்டைக்குச் செல்லும் நேயர்கள் அக்கற்களை மிதியாது, சற்றே நின்று வாசிப்பார்களாக.