உங்களுக்குத் தெரியுமா? – திரை இல்லை, வட்டு இல்லை, கேபிள் போதும்

பென்டிரைவைச் செருகி லினக்ஸையோ விண்டோஸையோ ஏற்றுவது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கே கைவந்த வேலை. யூ.எஸ்.பி. துளையே இல்லாத கணினி என்றால்? சி.டி. டிரைவும் கிடையாது, கீபோர்டோ திரையோ மாட்டக்கூட இடம் கிடையாது என்றால்? அப்போதும் பின்புறத்தில் ஒரு நெட்வொர்க் துளை இருந்துவிட்டால் போதும்; இயங்குதளத்தை நிறுவும் நிரலை அந்தக் கேபிள் வழியாகவே உள்ளே அனுப்பிவிடலாம். ஐம்பது ஆண்டுகளாக இதை எத்தனை விதமாகச் செய்திருக்கிறார்கள் என்று தேடப் போனால் நேரம் போவதே தெரியாது.

● ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1973இல் உருவான 'ஆல்டோ' கணினிக்கே இந்த வித்தை தெரியும். பேக்ஸ்பேஸ் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பூட் பொத்தானைத் தட்டினால் அது தன் வட்டைத் திரும்பிப் பார்க்காது, நெட்வொர்க்கில் காத்திருக்கும். சர்வரோ சில விநாடிகளுக்கு ஒரு முறை ஒரே ஒரு பாக்கெட்டை எல்லாருக்கும் பொதுவாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஒற்றைப் பாக்கெட்டுக்குள் ஒரு குட்டி நிரல். ஆல்டோ அதைப் பிடித்து ஓட்டியதும், தேவையான மீதி நிரலை அதுவே கேட்டு வாங்கிவிடும். பேக்ஸ்பேஸோடு வேறு எந்த விசைகளை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து எந்த நிரல் வரும் என்பதும் மாறும். அந்தப் பாக்கெட்டுக்கு ஆய்வகத்தார் வைத்த பெயர் 'உயிர்மூச்சு'.

● வட்டு இல்லாத கணினிக்குத் தன் ஐ.பி. முகவரிகூடத் தெரியாது. தொழிற்சாலையில் பதித்துக் கொடுத்த 48 பிட் ஈதர்நெட் முகவரி ஒன்றுதான் அதன் கையில் இருக்கும். அதைச் சொல்லித்தான் 'நான் யார்?' என்று நெட்வொர்க் முழுவதும் கேட்கும்படி ஒரு பாக்கெட்டை அனுப்பும். 1984இல் ஸ்டான்ஃபோர்டில் எழுதப்பட்ட 'ரார்ப்' நெறிமுறை அதன் ஐ.பி. முகவரியை மட்டும் சொன்னது. 1985இல் வந்த 'பூட்பி', எந்த சர்வரிடம் போய் எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னது. 1993இல் வெளியான டி.எச்.சி.பி., பூட்பியின் பாக்கெட் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு வளர்ந்தது. அதனால்தான் உங்கள் வீட்டு வைஃபை ரூட்டர் கைபேசிக்கு முகவரி தரும் பாக்கெட்டிலும், பூட் கோப்பின் பெயருக்கென்று ஒதுக்கிய 128 பைட் இடம் இன்றும் இருக்கிறது.

● முகவரி கிடைத்தாயிற்று. கோப்பு? அதற்கு டி.எஃப்.டி.பி. எம்.ஐ.டி.யின் கேரன் சோலின்ஸ் 1981இல் வரையறுத்து எழுதிய நெறிமுறை இது. பயனர் பெயர் இல்லை, கடவுச்சொல் இல்லை, கோப்புப் பட்டியலைக் காட்டும் வசதிகூட இல்லை. கட்டடம் கட்டும் இடத்தில் செங்கல் கைமாற்றுவதுபோல, சர்வர் 512 பைட்டைக் கொடுக்கும். 'வந்தது' என்று பதில் வந்த பிறகே அடுத்த 512 பைட்டைக் கொடுக்கும். 512க்குக் குறைவான துண்டு வந்தால் கோப்பு முடிந்தது என்று பொருள். கோப்பின் அளவு சரியாக 512இன் மடங்காக இருந்துவிட்டால், முடிவைச் சொல்வதற்காகவே காலியான ஒரு துண்டும் வரும்.

இத்தனை எளிமைக்குக் காரணம் உண்டு. கணினியின் ரோம் சிப்பில் சில கிலோபைட் இடத்துக்குள் இதை எழுதி அடைக்க வேண்டும். இப்படி மிச்சம் பிடித்ததில் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. துண்டுகளுக்கு இடும் எண் 16 பிட். ஆகவே 65,535 துண்டுகளுக்கு மேல் எண்ண முடியாது. கணக்குப் போட்டால் 32 எம்.பி.யோடு நின்றுவிடும். 1981இல் பூட் கோப்பு அந்த அளவை எட்டும் என்று யார் நினைத்திருப்பார்கள்! இன்றைய லினக்ஸ் நிறுவிகளின் கோப்புகள் அதைச் சுலபமாகத் தாண்டுகின்றன. துண்டின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ளும் வழியை 1995இல் சேர்த்தார்கள். அந்த வழி தெரியாத பழைய ரோம்களுக்கு, சிறிய நிறுவியைத்தான் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

● சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகள் டி.எஃப்.டி.பி. சர்வரிடம் கேட்கும் கோப்புக்குப் பெயர், அந்தக் கணினியின் ஐ.பி. முகவரியேதான், பதினாறடிமான எண்ணில். 192.168.1.5 என்றால் கோப்பின் பெயர் சி0ஏ80105. சிலவகைக் கணினிகள் பின்னால் ஒரு புள்ளி வைத்துத் தங்கள் வகையையும் சேர்த்துக் கேட்கும். எழுத்து ஒன்று பிசகினாலும் கோப்பு கிடைக்காது.

இந்தக் கணினிகளின் ரோமுக்குள் 'ஓப்பன்பூட்' என்ற நிரல் இருக்கிறது. ஸ்டாப் விசையையும் ஏ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் 'ஓகே' என்று ஒரு வரி வந்து நிற்கும். அங்கே 'பூட் நெட்' என்று அடித்தால் போதும். அந்த 'ஓகே' வரியில் ஃபோர்த் என்ற முழு நிரல்மொழியும் ஓடுகிறது. கீபோர்டைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தால், திரையைக் கைவிட்டு சீரியல் கேபிள் வழியாகப் பேசத் தொடங்கிவிடும். வடிவமைத்தவர்கள் எதிர்காலத்தில் இதைக் கையில் எடுக்கப்போகிறவரை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

ஆனால் அவர்களும் நினைக்காத ஒன்று உண்டு. கணினியின் ஈதர்நெட் முகவரியைச் சன் பதித்து வைத்தது நினைவகமும் கடிகாரமும் சேர்ந்த ஒரு கறுப்புச் சிப்பில். அதற்கு உயிர் கொடுக்கும் லித்தியம் பேட்டரியும் அந்தச் சிப்புக்குள்ளேயே எபாக்ஸியில் புதைந்திருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டில் பேட்டரி தீர்ந்ததும் முகவரி அழிந்து, எல்லா இடத்திலும் எஃப் எஃப் என்றே நிற்கும். ஈதர்நெட்டில் அது 'எல்லாருக்கும்' என்று குறிக்கும் பொது முகவரி. அந்த முகவரியோடு 'நான் யார்?' என்று கேட்டால் எந்த சர்வரும் பதில் சொல்ல வழியில்லை. அப்போது 'ஓகே' வரியில், 08, 00, 20 என்று தொடங்கும் சன் முகவரியை ஒவ்வொரு பைட்டாகக் கையால் அடித்து, கடைசியில் சரிபார்ப்பு எண்ணையும் கணக்கிட்டுப் போட வேண்டும். மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. பொறுமை இழந்த ஆர்வலர்கள் சிப்பின் ஓரத்தை அரத்தால் ராவி, உள்ளே இருக்கும் இரண்டு கம்பிகளைக் கண்டுபிடித்து, வெளியே ஒரு நாணய பேட்டரியைப் பற்றவைத்துவிடுகிறார்கள். செத்துப்போனதாக ஒதுக்கிய கணினி மறுபடி பல ஆண்டு ஓடும்.

● டி.இ.சி. நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகள் நெட்வொர்க்கில் பூட் ஆகும்போது ஐ.பி. என்ற ஒன்றையே தொடுவதில்லை. 'மாப்' என்ற தங்கள் சொந்த நெறிமுறையில் நேராக ஈதர்நெட்டிலேயே பேசுகின்றன. ரூட்டரைத் தாண்டி இது போகாது. சர்வர் அதே நெட்வொர்க்கில் இருந்தாக வேண்டும். நெட்பி.எஸ்.டி. என்ற இயங்குதளத்தைப் பழைய வாக்ஸில் ஏற்ற விரும்புவோர் இன்றும் 'மாப்' சர்வர் ஒன்றை ஓட்டித்தான் தொடங்குகிறார்கள்.

● சிலிக்கான் கிராஃபிக்ஸின் 'இண்டி' கணினியில் டெபியன் லினக்ஸை ஏற்றப் போனால், எல்லாம் சரியாக இருந்தும் கோப்பு மட்டும் வந்து சேராது. காரணம் ஓர் எண்: 32767. சர்வர் அதைவிடப் பெரிய போர்ட் எண்ணிலிருந்து பதில் அனுப்பினால் இண்டியின் ரோமால் அதைக் கையாள முடியாது. லினக்ஸ் சர்வர் வழக்கமாகப் போர்ட் எண்களை எடுக்கத் தொடங்குவதோ சரியாக 32768இலிருந்து! சர்வரில் அந்த வரம்பை 2048 முதல் 32767 வரை என்று மாற்றச் சொல்லி டெபியன் கையேட்டிலேயே எழுதி வைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் ராத்திரி முழுவதும் பாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்துத்தான் இந்த ஒரு வரியைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

● எனக்கு மிகவும் பிடித்தது கோபால்ட் கியூப். 1998இல் வந்த நீல நிறக் கனசதுரப் பெட்டி; சின்ன அலுவலகங்களுக்கான சர்வர். 2000இல் கோபால்ட்டை சன் விலைக்கு வாங்கியது. திரை மாட்டும் துளை இதில் இல்லை. முதுகுப் பக்கம் இரண்டு வரி மட்டும் காட்டும் சிறிய எல்.சி.டி.யும் சில அம்புக்குறிப் பொத்தான்களும் உண்டு. இடது, வலது பொத்தான்களை ஒன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தால் நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆகும். டி.எஃப்.டி.பி.யும் இதற்கு வேண்டாம். சர்வர் பகிர்ந்து வைத்த கோப்புறையிலிருந்து என்.எஃப்.எஸ். வழியாக, இயங்குதளத்தின் மையமான கெர்னலை நேரே எடுத்துக்கொள்ளும்.

இதற்குமேல்தான் டெபியன்காரர்களின் கைவண்ணம். நிறுவி ஓடத் தொடங்கியதும் டி.எச்.சி.பி.யில் தனக்கு முகவரி வாங்கிக்கொள்ளும். பிறகு, வேறொரு கணினியிலிருந்து உள்ளே நுழைய வழிவிடும் எஸ்.எஸ்.எச். சர்வரைத் தொடங்கும். அந்த முகவரியையும், அப்போதுதான் உருவாக்கிய ஒரு கடவுச்சொல்லையும் அந்த இரண்டு வரி எல்.சி.டி.யில் காட்டும். நீங்கள் உங்கள் மடிக்கணினியிலிருந்து உள்ளே நுழைந்து, வட்டைப் பிரிப்பது முதல் எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம். பெட்டியின் அருகில் நிற்பவருக்கு மட்டுமே தெரியும் கடவுச்சொல். பாதுகாப்பையும் எளிமையையும் இவ்வளவு சின்ன இடத்தில் சேர்த்து வைத்த வேறு நிறுவி எனக்குத் தெரிந்து இல்லை.

● எல்.சி.டி.கூட இல்லாத பெட்டி? லிங்க்சிஸ் 2004இல் வெளியிட்ட என்.எஸ்.எல்.யு.2 அப்படிப்பட்டது. யூ.எஸ்.பி. ஹார்டு டிஸ்க்கை நெட்வொர்க்கில் பகிர்வதற்கான கையடக்கப் பெட்டி. நினைவகம் வெறும் 32 எம்.பி. ஆர்வலர்கள் இதற்கு வைத்த செல்லப் பெயர் 'ஸ்லக்'. பின்னால் உள்ள ரீசெட் துளையில் ஒரு குண்டூசியை அழுத்திக்கொண்டே ஆன் செய்து, முன்புற விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பத்து விநாடி போல மஞ்சளாக எரியும். சிவப்பாக மாறிய உடனே ஊசியை எடுத்துவிட வேண்டும். பிறகு சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரிந்தால், கோப்பை வாங்கத் தயார் என்று பொருள். பக்கத்துக் கணினியிலிருந்து டெபியன் நிறுவியை ஈதர்நெட்டில் அனுப்பி, அது மறுபடி தொடங்கியதும் எஸ்.எஸ்.எச்.சில் நுழைய வேண்டியதுதான்.

● ஐ.பி.எம். மெயின்ஃப்ரேமில் லினக்ஸை ஏற்றும் வழிகளில் ஒன்று துளை அட்டை! இசட்/வி.எம். என்ற மெய்நிகர் சூழலில், நெட்வொர்க்கில் வந்து சேர்ந்த நிறுவிக் கோப்புகளை 80 பைட் 80 பைட்டாக வெட்டி, மெய்நிகர் அட்டைப் படிப்பானில் அடுக்குகிறார்கள். பிறகு அந்தப் படிப்பானிலிருந்தே கணினியைப் பூட் செய்கிறார்கள். 80 ஏன்? 1928இல் ஐ.பி.எம். கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன.

● சேகாவின் ட்ரீம்காஸ்ட் விளையாட்டுப் பெட்டியிலும் நெட்பி.எஸ்.டி. ஓடும். நினைவகம் 16 எம்.பி., ஹார்டு டிஸ்க் கிடையாது. சி.டி.யிலிருந்து கெர்னல் மட்டும் ஏறும். மற்ற கோப்புகளையெல்லாம் சர்வரே கேபிள் வழியாகக் கொடுக்கும். தனியாக விற்ற ஈதர்நெட் அடாப்டர் வேண்டும், அதைத் தேடுவதுதான் பாடு.

● பழைய நெட்வொர்க் கார்டுகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: சிப் பொருத்தாத ஒரு காலி சாக்கெட் கார்டின் ஓரத்தில் இருக்கும். பூட் ரோம் சிப்புக்காக விட்ட இடம் அது. 'ஈதர்பூட்' திட்டத்தினர் அதில் எரித்துப் போடுவதற்கான நிரலை இலவசமாகக் கொடுத்தார்கள். அதன் இன்றைய வாரிசுதான் 'ஐ.பி.எக்ஸ்.இ.' இன்டெல் 1990களின் கடைசியில் பி.எக்ஸ்.இ. என்ற பொது வரையறையைக் கொண்டுவந்த பிறகு, நெட்வொர்க்கில் பூட் ஆகும் வசதி சாதாரண பி.சி.க்குள்ளேயே வந்து அமர்ந்தது.

● 2016இல் வந்த ராஸ்பெர்ரி பை 3ஐ நெட்வொர்க்கில் பூட் செய்ய, அதன் சிப்பில் ஒரு பிட்டை மாற்ற வேண்டும். ஒரு முறை மாற்றினால் திருப்பவே முடியாது. சிப்பிலேயே பொறித்த பூட் நிரலில் சில பிழைகளும் இருந்தன. அவற்றை யாரும் திருத்த முடியாது. எனவே ஒரே ஒரு கோப்பு மட்டும் உள்ள எஸ்.டி. கார்டைப் போட்டுச் சமாளித்தார்கள். பை 4இல் அந்த நிரலை மாற்றி எழுதக்கூடிய சிப்பில் வைத்துவிட்டார்கள். 2022 முதல், காலி எஸ்.டி. கார்டோடு ஷிஃப்ட் விசையை அழுத்தினால் பை 4 இணையத்திலிருந்தே நிறுவியை இறக்கிக்கொள்ளும்.

● ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காக வடிவமைத்த எக்ஸ்.ஓ. பச்சை மடிக்கணினிகளில், ஒரு கணினி தன் இயங்குதளத்தை வைஃபையில் ஒலிபரப்ப, வகுப்பில் உள்ள மற்ற கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாங்கிப் பதிந்துகொள்ளும் வசதி இருந்தது. சர்வரும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். எழுதியவர் மிட்ச் பிராட்லி, சன் கணினிகளின் ஓப்பன்பூட்டை உருவாக்கிய அதே மனிதர்.

● மேக் கணினியில் என் எழுத்தை அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் உங்கள் சர்வரிலிருந்து பூட் ஆகும் காலம் ஒன்று இருந்தது. டி2 சிப் வந்த மேக்குகளில் அந்த வசதி இல்லை. இணையம் வழி மீட்பு உண்டு, ஆனால் ஆப்பிளின் சர்வரிலிருந்து மட்டும். இது எனக்கு வருத்தம்தான். முப்பது வயது ஸ்பார்க்குக்கு வீட்டு சர்வரிலிருந்து உயிர் கொடுக்க முடிகிறது; இந்த மேக்குகளுக்கு முப்பது வயதாகும்போது அந்தக் கம்பெனி மனது வைத்தால்தான் உண்டு.

● வீட்டிலேயே முயன்று பார்க்க ஆசையா? 'டி.என்.எஸ்.மாஸ்க்' என்ற சிறிய இலவச நிரல் ஒன்றிலேயே டி.எச்.சி.பி., டி.எஃப்.டி.பி. இரண்டும் இருக்கின்றன. பழைய கணினி கையில் இல்லையென்றால் 'க்யூ.இ.எம்.யு.' நிரல் ஸ்பார்க் கணினியையே உங்கள் திரையில் போலியாக ஓட்டிக் காட்டும். நிஜக் கணினியில் செய்வதானால் தனியாக ஒரு சுவிட்ச் வாங்கி, இரண்டு கணினிகளை மட்டும் அதில் இணையுங்கள். வீட்டு ரூட்டரோ அலுவலக நெட்வொர்க்கோ இருக்கும் இடத்தில் இரண்டாவது டி.எச்.சி.பி. சர்வரைத் தொடங்கினால் மற்றவர்களின் இணைப்பும் குழம்பிவிடும்.