பொதுப் படகும் கடற் கல்வியும்

நூலறிவு கரையில் இருந்தே பெறத்தக்கது. கடலறிவோ கடலினுட் புகுந்தாலன்றிப் பெறலரிது. ஆயினும் கடலிற் புகுவார் யாவர்க்கும் சொந்தத்தில் ஒரு படகு வாய்ப்பதில்லை. வாய்ப்பினும், தனியொருவன் தன் படகிலே தானே ஆசானும் மாணாக்கனுமாக இருந்து கற்கும் கல்வி பெரும்பாலும் குறையுடைத்தாகவே முடியும். பலர் ஒருங்கு கூடி ஒரு சிறு பாய்ப்படகைப் பொதுவில் வைத்து, கரையோரக் கடலிற் செலுத்திப் பழகும் முறை இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்குவதாகும். இம்முறைக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாக விளங்குவது பிரான்சு நாட்டின் கிளெனான் பாய்ப்படகுப் பள்ளி.

பிரிட்டனிக் கரையின் தென்பால், கொங்கார்னோத் துறைமுகத்துக்கு அப்பால், ஏறத்தாழப் பத்துக் கடல் மைல் தொலைவிற் கிடக்கும் சிறு தீவுக் கூட்டமே கிளெனான் எனப்படுவது. இரண்டாம் உலகப் போரில் யேர்மானியப் படை பிரான்சை அடிமைப்படுத்தியிருந்த காலத்தில், 1941 ஆம் ஆண்டில், மறைவாக ஒரு பத்திரிகையைத் தொடங்கி விடுதலைக்கு உழைத்தவர் பிலிப் வியன்னே என்பார். போர் ஒழிந்தபின், 1947 ஆம் ஆண்டில், அவரும் அவர் மனைவியார் எலேன் வியன்னேயும் இத்தீவுகளில் ஒரு நிலையத்தை நிறுவினர். போராட்டத்திற் களைத்த இளைஞர் உடலும் உள்ளமும் தேறுதற்கு ஓரிடம் வேண்டும் என்பதே தொடக்கத்தில் அவர்தம் நோக்கம். பின்னர் அதுவே பாய்ப்படகுப் பயிற்சிக்குரிய பள்ளியாக வளர்ந்து, பிரான்சின் பிற கரைகளிலும் கிளைவிட்டு, இன்றளவும் நடைபெற்று வருகின்றது. அங்கே கற்போர் சமையலும் துப்புரவும் முறைவைத்துத் தாமே செய்வர். கற்பிப்போரிற் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர். பொருள் மிக்கார்க்கே உரியதென்று கருதப்பட்ட பாய்ப்படகை எளியோர்க்கும் உரியதாக்கும் பொருட்டு, 1951 ஆம் ஆண்டில் ஷான் ஷாக் எர்புலோ என்னும் சிற்பி, நான்கு மீற்றரை மட்டும் சிறிது கடந்த நீளமுடைய 'வோரியன்' என்னும் படகை ஒட்டுப்பலகையால் அமைத்தார். 'ஒன்றுக்கும் உதவாதவன்' என்பது அப்பெயரின் பொருள். பெயர் அதுவாயினும், எண்ணற்ற இளைஞர்க்கு அது முதலாசானாயிற்று.

இனி, கற்பவன் முதலில் அறியவேண்டுவது யாது? காற்றுப் பின்னின்று தள்ளுவதாலேயே படகு செல்கின்றது என்பது கரையில் நிற்போர் எண்ணம். அஃது உண்மையின் ஒரு பகுதியே. வளைந்த பாயின் இருமருங்கும் காற்று ஓடும்பொழுது, ஒருபுறத்தில் அழுத்தம் குறைந்து, மறுபுறத்தில் மிகும். அதனாற் பிறக்கும் விசை படகை முன்னோக்கியும் பக்கவாட்டிலும் இழுக்கும். படகின் அடியிலுள்ள ஏராவோ, நீரினுள் இறக்கப்படும் பலகையோ பக்கவாட்டு நகர்வைத் தடுப்பதால், முன்னோக்கிய செலவே எஞ்சுகின்றது. இதனாலேயே காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வாக முன்னேறுதல் இயல்கின்றது. காற்றுக்கு நேரெதிரே செல்வது மட்டும் ஒருவாற்றானும் இயலாது. ஆதலின், வலமும் இடமுமாக மாறி மாறி முறித்தோடியே எதிர்க்காற்றை வெல்லல் வேண்டும்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். கிளெனானிலிருந்து கொங்கார்னோவுக்கு மணிக்கு நான்கு கடல் மைல் வேகத்தில் நேரே செல்லும் படகு இரண்டரை மணியிற் கரை சேரும். காற்று எதிரே நிற்குமாயின், 45 பாகைச் சாய்வில் முறித்தோடும் தொலைவு பத்து மைலன்று; பதினான்கு மைல். காலமும் மூன்றரை மணியாகும். இடைப்பட்ட அந்த ஒரு மணி நேரத்துள் நீரோட்டம் திரும்பலாம், பொழுதும் சாயலாம்.

நீரின் ஏற்ற இறக்கமும் அங்கே எளிதில் மறக்கத்தக்கதன்று. இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. அக்கரையிலோ வெள்ளுவா, காருவாக் காலங்களை ஒட்டி அஃது ஏறத்தாழ நான்கு மீற்றராகும். ஆறு மணி நேரம் நீளும் பெருக்கில், முதல் மணியிற் பன்னிரண்டில் ஒரு பங்கும், இரண்டாம் மணியில் இரு பங்கும், மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கும், ஐந்தாம் மணியில் இரு பங்கும், இறுதியில் ஒரு பங்கும் நீர் உயரும் என்பது மாலுமியர் கொள்ளும் வாய்பாடு. நடு மணிகளில் மணிக்கு ஒரு மீற்றர் உயரும் என்க. வற்றும்பொழுதும் இதே கணக்கு. காலையில் மிதந்து கடந்த பாறையை மாலையில் மோதி உடைவார், இக்கணக்கை மறந்தாரே.

இவற்றினும் நுண்ணியதொன்றுண்டு. காற்று மணிக்கு இருபது கடல் மைல் வேகத்தில் வீச, அதன் வழியே ஐந்து மைல் வேகத்தில் ஓடும் படகில் உள்ளான் உணரும் காற்று பதினைந்தே. வெயிலும் இனிதாக, கடலும் அமைதியாகத் தோன்ற, 'இன்னும் சிறிது செல்வோம்' என்று அவன் எண்ணுவான். திரும்பிக் காற்றை எதிர்த்துச் சாய்வாக நான்கு மைல் வேகத்தில் ஓடத் தொடங்கியவுடன் அதே காற்று இருபத்துமூன்றாக மோதும். காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மிகுவதாகலின், பாயின்மேல் விழும் சுமை இரு மடங்கையும் கடந்துவிடும். காற்று மாறியதன்று, மாறியது படகின் திசையே. ஆதலாற் பாயைச் சுருக்கவேண்டுமோ என்னும் ஐயம் எழுந்த அப்பொழுதே சுருக்குதல் வேண்டும் என்பதும், திரும்பும் வழியை எண்ணியே போகும் வழியை அளத்தல் வேண்டும் என்பதும் மாலுமியர் வழிவழிக் கொண்ட விதிகள்.

இவ்விடத்திற்றான் பொதுப் படகின் பயன் புலப்படும். சுக்கானைப் பிடித்தவன் பெருமிதத்தால் மயங்கினும், பாய்க்கயிற்றைப் பிடித்தவன் அதன் கனத்தைக் கையால் உணர்வான். படத்தை வைத்திருப்பவன் பாறையின் அண்மையை அறிவான். ஒருவன் அறியாததை மற்றவன் அறிந்து கூறவும், கூறியதைத் தலைவன் சினவாது கேட்கவும் வேண்டும். சிறிது நேரத்தில் இடம் மாறும். நேற்றுக் கயிறு இழுத்தவன் இன்று ஆணையிடுவான். ஆணையிட்டவன் கயிறு இழுப்பான். திரும்புவோம் என்று சொல்லுதல் கோழைமையன்று, அறிவே என்பதை இவ்விரு நிலையிலும் நின்றவனே தெளிவான்.

மற்றுமொன்று. தனக்கே உரிய படகிற் கயிறு நைந்திருப்பின், அதன் தீங்கு உடையவனைச் சாரும். பொதுப் படகிலோ, நைந்த கயிற்றைக் கண்டும் சொல்லாது கரையேறுவான், தான் முகமறியாத வேறொருவனை ஆபத்திற்குள் அனுப்புகின்றான். ஆதலின் படகை நீங்குமுன் நீரை இறைத்து, பாயை உலர்த்தி மடித்து, பழுதுகளைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தலும் பயிற்சியின் ஒரு கூறாகும். தான் செய்த பழுதைத் தன் கையால் எழுதும் துணிவு எதிர்க்காற்றில் முறித்தோடும் திறத்தினும் அரிது.

சோளகம், கச்சான், வாடை, கொண்டல் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வழங்கும் யாழ்ப்பாணத்துக் கரையார்க்கு இவ்வுண்மைகள் புதியனவல்ல. பாட்டனும் தந்தையும் மைந்தனும் ஒரு வள்ளத்தில் இருந்து இவற்றைக் கற்றனர். குடிவழியால் வந்த அவ்வறிவைக் குடிவழியில்லார்க்கும் உரியதாக்கியதே கிளெனான் பள்ளியின் சிறப்பு. கடல் ஒருவர்க்கு உரியதன்று, காற்றும் அவ்வாறே. அவற்றைக் கற்றற்குரிய படகும் பொதுவாக இருப்பது பொருந்துவதே. தனக்குப் பின் வருவான் ஒருவன் உளன் என்பதை மறவாது துறைசேர்பவனே கடலை உண்மையிற் கற்றவனாவான்.