கிரில் போடும்போது கதவைத் திறக்கணுமா, மூடணுமா?

துறையூரில் வாங்கிய பச்சைமலை மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, எண்ணெய் தடவி, ஓடிஜியில் கிரில் போட்டேன். செக்கச்செவேலென்று இருந்த கம்பி திடீரென அணைந்துவிட்டது. ரிப்பேரோ என்று கதவைத் திறந்தால், சற்று நேரத்தில் மறுபடி சிவக்கிறது!

பழுதில்லை. கிரிலில் கிழங்கை வாட்டுவது கம்பியிலிருந்து நேராக இறங்கும் கதிர்வீச்சு. தணல் முன்னால் நின்றால் முகம் சுடுமே, அதுபோல. தெர்மோஸ்டாட் கவனிப்பதோ பெட்டிக்குள் இருக்கும் சூட்டை. மூடிய பெட்டி சீக்கிரம் சூடாகும், கம்பி அணையும். பழைய மின் ஓவன்கள் பலவற்றில் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னது இதனால்தான்.

அதுக்காக எல்லாத்தையும் திறக்கக் கூடாது. மூடி வாட்டுவதற்கென்றே செய்த ஓவனில் கதவைத் திறந்தால், வெப்பம் மேலேறி மேலே உள்ள திருகுகளைக் கெடுக்கும், கையும் சுடும்.

கேஸ் ஓவன் கதையே வேறு. தீக்குக் காற்று வேணும். திறந்து வைக்கச் சொன்ன கிரிலை மூடினால், கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரலாம். நிறமில்லை, வாசனையில்லை, ஆளைக் கொல்லும்.

ஆகவே மேனுவல் சொல்வதுதான் முடிவு. தொலைந்திருந்தால் மாடல் எண்ணைப் போட்டு இணையத்தில் தேடுங்கள். என்னுடையதில் ‘மூடி’ என்றிருந்தது. மூடினேன். கிழங்கு சிவக்கக் கொஞ்சம் கூடுதல் நேரமாச்சு, அவ்வளவுதான்.