உங்களுக்குச் சகோதரங்கள் இருக்கினமா?

சீகிரியா, தம்புள்ளைப் பக்கம் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கும் மலையக இளைஞர் ஒருவர் ஸ்பானிய மொழி படிக்கிறார். மாத்தளை மாவட்டத்துக்கு ஒரு கட்டுரைக்காகப் போயிருந்த என்னிடம், பயிற்சிக்கென்று கேட்டார்: "தியெனே உஸ்தெத் எர்மானோஸ்?"

"உங்களுக்குக் கூடப்பொறந்தவங்க இருக்காங்களா?" என்று அவரே தமிழிலும் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் தவறவிட்ட அண்ணாவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

நான் தடுமாறியதைப் பார்த்தவர், மரியாதை போதவில்லையோ என்று நினைத்துவிட்டார். உண்மையில் அவர் கேட்டதுதான் மரியாதை வடிவம். நண்பரிடமென்றால் "தியெனெஸ் எர்மானோஸ்?" போதும். 'உஸ்தெத்' நம்முடைய 'நீங்கள்' மாதிரி, நெருங்கியவருக்கு 'து'. ஸ்பெயின்காரர் சீக்கிரமே 'து'வுக்கு மாறிவிடுவார்கள். லத்தீன் அமெரிக்காவின் பல இடங்களில் 'உஸ்தெத்' அதிகம் புழங்கும். ஆர்ஜென்டீனாவில் 'து'வுக்குப் பதில் 'வோஸ்'; கேள்வியும் "தெனெஸ் எர்மானோஸ்?" என்றாகும். 'எர்மானோஸ்' ஆண், பெண் இருபாலாரையும் சேர்த்த சொல். ஆனால் அண்ணாவுக்கென்று தனிச்சொல் கிடையாது, 'எர்மானோ மயோர்', மூத்த சகோதரன் என்றுதான் சொல்லவேண்டும். (அந்த விஷயத்தில் சிங்களம் நமக்குக் கிட்ட: அய்யா, மல்லி.)

மரியாதை வடிவம் சரியாக இருந்தாலும் 'இருக்காங்களா' என்ற நிகழ்காலம் உறுத்துகிறது. மாத்தளைக்கும் அது புதிதல்ல. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தைத் தோண்டியபோது 150க்கும் அதிகமானோரின் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. 1980களின் இறுதியில் ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளையும் சகோதரர்களையும் பறிகொடுத்த சிங்களக் குடும்பங்கள் அங்கே தேடிவந்தன. 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்ட ஆர்ஜென்டீனாவில், எச்சங்களை அடையாளங்காண உறவினரின் இரத்த மாதிரியை ஒப்பிடுகிறார்கள். பெற்றோர் இல்லாதபோது சகோதரங்களின் மாதிரி உதவும். அங்கே இந்தக் கேள்வி வெறும் உபசாரமல்ல.

ஸ்பானியத்தில் வேறொரு விதமாகவும் கேட்கலாம்: "குவாந்தோஸ் எர்மானோஸ் சோன் உஸ்தெதெஸ்?" நீங்கள் சகோதரங்கள் எத்தனை பேர்? 'உங்களிடம் இருக்கிறார்களா' என்று அது கேட்பதில்லை. பதில் சொல்பவர் தன்னையும் சேர்த்து எண்ணுவார். யாரை விடுவது, யாரைச் சேர்ப்பது என்பது அவர் கையில்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். கொப்பியில் எழுதிக்கொண்டு, அப்படியே திரும்பக் கேட்டார்.

"சோமோஸ் குவாத்ரோ" என்றேன். நாங்கள் நாலு பேர். அண்ணாவோடு சேர்த்து.