ஜீப் வண்டியும் மின்சாரப் பழுதும்

வில்லீஸ் ஜீப் 1941-ஆம் ஆண்டில் யுத்தத்தின் பொருட்டுப் பிறந்தது. அதனைத் தாமே செப்பனிட்டு மேடுபள்ளங்களில் ஓட்டுவோர் இன்றும் உளர். ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுழலக் கண்டவுடன் புதுப் பாட்டரி வாங்க ஓடுவது வீண் செலவென்பதே நமது அபிப்பிராயம்.

அவ்வண்டியின் மின்சாரம் 6 வோல்ட்டு. 12 வோல்ட்டில் நடக்கும் அதே வேலைக்கு இதில் இருமடங்கு மின்னோட்டம் வேண்டும். ஆதலால் சிறிது துருவும் பெருந்தடையாகிறது. 12 வோல்ட்டு வண்டிக்குரிய மெல்லிய கம்பியை மாட்டிவிட்டு எஞ்சினை நிந்திப்போர் அநேகர்!

பாட்டரியின் எதிர்முனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கிறது. எஞ்சினோ ரப்பர் மெத்தைகளின்மீது அமர்ந்திருக்கிறது; ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினையும் சட்டத்தையும் பிணைக்கும் செம்புப் பின்னற்பட்டையே மின்சாரம் திரும்பும் வழி. சேறும் நீரும் அதனை அரிக்கின்றன. பட்டை அறுந்தால், மின்சாரம் கார்புரேட்டரின் இழுகம்பி வழியே பாய்ந்து அதனைக் காய்ச்சிவிடும்.

சோதனை எளிது. கியரை நடுநிலையில் வைத்து ஒருவர் ஸ்டார்ட்டரை மிதிக்க, மற்றொருவர் வோல்ட்டு மீட்டரை எதிர்முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே வைத்துப் பார்க்கட்டும். அரை வோல்ட்டு காட்டினால், பன்னிரண்டில் ஒரு பங்கு வழியிலேயே பறிபோகிறது. பட்டையின் முனைகளை உலோகம் பளபளக்கத் தேய்த்து இறுக முடுக்க வேண்டும்.

கழற்றும்போது எதிர்முனைக் கம்பியே முதல். மாட்டும்போது அதுவே கடைசி. முறை பிறழ்ந்தால் ஸ்பானர் சட்டத்தில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பெட்ரோல் தொட்டியோ ஓட்டுபவரின் ஆசனத்திற்குக் கீழேயே இருக்கிறது.