யந்திரத்துக்குப் பாஷை எதற்கு?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையைப் பிரதட்சிணமாக 14 கிலோமீட்டர் சுற்றி வரும் பக்தர், இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை ஒவ்வொன்றிலும் நின்று வணங்குவதை, "எட்டு லிங்கம் முடியும்வரை நட, நில், வணங்கு" என்று ஒரே வாக்கியத்தில் நாம் சொல்லிவிடலாம். ஒன்றையும் பூஜ்யத்தையும் தவிர வேறொன்றறியாத கணிப்பொறிக்கு அதை உணர்த்துவது எப்படி?

மனிதர் எழுதும் சொற்களை யந்திரத்தின் எண்களாக்கும் துபாஷிகளோடு நிரல்மொழிகள் பிறந்தன. விஞ்ஞானக் கணிதத்துக்கென 1957-இல் ஃபோர்ட்ரான் வெளிவந்தது. வியாபாரக் கணக்குக்கென 1959-இல் கோபோல் வகுக்கப்பட்டது. காரியம் வேறானதால் பாஷையும் வேறாயிற்று.

தமிழ்ப் பிள்ளைகள் தாய்மொழியிலேயே நிரல் பயில வேண்டும் என்ற நோக்கத்துடன் முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியில், 'பதிப்பி' என்றால் திரையில் எழுத்துத் தோன்றும்; நிபந்தனையை முன்வைத்து 'ஆனால்' என்று முடிப்பதோ நம் வாக்கிய மரபேயாகும். தர்க்கம் எந்தப் பாஷைக்கும் தனியுடைமை அன்று.