மலிவான மருத்துவப் படிப்பு: கட்டணத்துக்கு முன் கேட்க வேண்டியவை

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் ஒரே விளம்பரம்தான் கைக்குக் கை மாறுகிறது: "குறைந்த செலவில் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்." உயர்தர உயிரியல் ஆசிரியர் என்பதால் அந்தத் துண்டுப்பிரசுரத்தோடு பெற்றோர் என்னிடம் வருகிறார்கள். நகரில் கடை நடத்தும் எமது சமூகத்தவர்களும் வருகிறார்கள், மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மாரும் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சேர், எந்த நாடு மலிவு?"

இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. மருத்துவப் படிப்பு பட்டமளிப்பு விழாவோடு முடிவதில்லை. இலங்கை மருத்துவ சபையில் பெயர் பதிவாகும் நாளில்தான் அது முடிகிறது. அந்தப் பதிவு கிடைக்காத பட்டம் எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் நட்டம்தான். ஆகவே கணக்கை முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும்.

வெளிநாட்டில் படித்தவர் இங்கே வைத்தியராவதற்கு மூன்று படிகள் உள்ளன. முதலாவது, அவர் படித்த பல்கலைக்கழகம் மருத்துவ சபை அங்கீகரித்ததாக இருக்க வேண்டும். இரண்டாவது, ஈ.ஆர்.பி.எம். என்ற பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பழையவர்கள் 'ஆக்ட் 16' என்று சொன்னது இதைத்தான். எழுத்துப் பரீட்சையோடு இது நிற்பதில்லை. நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் பகுதியும் உண்டு. மூன்றாவது, அரச வைத்தியசாலையில் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. பரீட்சைக்குத் தயாராகும் மாதங்களிலும் நியமனத்துக்குக் காத்திருக்கும் மாதங்களிலும் வருமானம் இருக்காது. இந்தக் காலத்துக்கான செலவை எந்த முகவரின் துண்டுப்பிரசுரத்திலும் நான் கண்டதில்லை.

நுழைவுத் தகைமையும் கவனிக்க வேண்டியது. 2018இல் வர்த்தமானியில் வெளியான விதிகளின்படி, உயர்தர உயிரியல் பிரிவுப் பாடங்களில் குறைந்தது இரண்டு சி, ஒரு எஸ் வேண்டும். "மூன்று எஸ் போதும், அங்கே அனுமதி கிடைக்கும்" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அங்கே அனுமதி கிடைக்கலாம். இங்கே பதிவுதான் கிடைக்காது.

அங்கீகாரம் எவ்வளவு பெரிய விடயம் என்பதை நம் நாட்டிலேயே பார்த்தோம். மாலபே சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரியில் பெருந்தொகை கட்டிப் படித்தவர்கள் பதிவுக்காக உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. ஆகவே முகவரிடம் முற்பணம் கொடுக்கும் முன் மருத்துவ சபையின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். பட்டியல் மாறக்கூடியது என்பதால், சந்தேகம் இருந்தால் சபைக்கு எழுதி, பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள். வாய்வார்த்தையை நம்பி அறவே பணம் கட்ட வேண்டாம்.

இனிப் பணக் கணக்கு. ஒரு வருடக் கட்டணம் 4,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டொலர் 300 ரூபா என்றால் அது 12 இலட்சம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தில் மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் 33,750 ரூபாதான். அதாவது அந்தச் சம்பளத்தில் ஒரு வருடக் கட்டணத்துக்கே ஒருவரின் மூன்று வருட முழுச் சம்பளம் தேவைப்பட்டது. விடுதி, உணவு, விமானச் சீட்டு, வீசா எல்லாம் அதற்கு மேல். லயன் அறைக்குக் காணி உறுதி கிடையாது, அதனால் வங்கியில் ஈடு வைக்கவும் எதுவும் இல்லை. எஞ்சுவது தாயின் ஊழியர் சேமலாப நிதியும் அடகுக் கடைக்குப் போகும் நகையும்தான்.

இந்தக் கணக்கும் நிலையானதல்ல. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபா வரை போனது. பல்கலைக்கழகம் ஒரு சதமும் கூட்டாமலே 8 இலட்சம் ரூபாக் கட்டணம் 14 இலட்சத்து 40 ஆயிரமானது. அதற்கு முன், 2020 பெப்ரவரியில், வூஹானில் இருந்து அழைத்து வரப்பட்ட 33 பேர் தியத்தலாவை இராணுவ முகாமில் தனிமைப்படுத்தப்பட்டார்கள். சீனாவில் படித்த வெளிநாட்டு மாணவர்களில் பெரும்பாலோர் அதன் பின் இரண்டு வருடங்களுக்கு மேல் திரும்பிப் போக முடியாமல் கணினித் திரையில் பாடம் கேட்டார்கள். நோயாளியைத் தொடாமல் மருத்துவம் எப்படிப் படிப்பது? ஆகவே மொத்தச் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கையாவது மேலதிகமாக வைத்துக்கொண்டுதான் இந்தப் பயணத்தில் இறங்க வேண்டும் என்பது என் ஆலோசனை.

மொழியையும் செலவாகவே எண்ணுங்கள். வகுப்பறையில் ஆங்கிலம் இருந்தாலும் சீன வைத்தியசாலையில் நோயாளி சீன மொழியில்தான் பேசுவார், ரஷ்யாவில் ரஷ்ய மொழியில்தான் பேசுவார். அந்த மொழி வராதவர் மூலையில் நின்று பார்த்துவிட்டு வருவார். பதிவுப் பரீட்சையில் அவர் தடுமாறுவது அங்கேதான்.

வெளிநாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முகவரின் கதவுக்கு முன் தட்ட வேண்டிய வேறு கதவுகள் இருக்கின்றன. பாகிஸ்தான் அரசு இலங்கை மாணவர்களுக்கென அறிவித்த அல்லாமா இக்பால் புலமைப்பரிசில் திட்டத்தில், மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் 100 இடங்கள் என 2021இல் அறிவிக்கப்பட்டது. பங்களாதேஷின் அரச மருத்துவக் கல்லூரிகளில் சார்க் நாட்டு மாணவர்களுக்கென இடங்கள் உண்டு. இவற்றுக்கான விண்ணப்பங்கள் தூதரகங்களும் அமைச்சுகளும் பகிரங்கமாகக் கோருபவை. ஆனால் இந்தியாவின் நேரு ஞாபகார்த்த, மௌலானா ஆசாத் புலமைப்பரிசில்கள் மருத்துவத்துக்கு வழங்கப்படுவதில்லை. அங்கே எம்.பி.பி.எஸ். படிக்க வெளிநாட்டவரும் நீட் பரீட்சையில் சித்தியடைய வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் மலிவானது நம் நாட்டின் இலவசக் கல்விதான். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் உள்ளவை. கொழும்பை விட இங்கே வெட்டுப்புள்ளி குறைவு. உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். முதல் தடவையில் சில புள்ளிகளால் தவறிய பிள்ளையை உடனே விமானம் ஏற்றுவதை விட, நல்ல பௌதிகவியல் ஆசிரியரிடம் இன்னொரு வருடம் அனுப்புவது எத்தனையோ மடங்கு மலிவு. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்தரக் காலத்திலேயே உதவ 1947இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியமும் இருக்கிறது. உயிரியல் பிரிவில் படித்தவருக்கு யூனானி, ஆயுர்வேதம், சித்த மருத்துவம், தாதியர் பட்டப்படிப்பு போன்ற வழிகளும் இங்கேயே திறந்திருக்கின்றன.

சமூகமாக எமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஒரு மாணவருக்கு ஒரு தடவை ஐம்பதாயிரம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதால் வைத்தியர் உருவாகமாட்டார். இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி 1983 முதல், உறுப்பு நாடுகள் அல்லாத நாடுகளின் முஸ்லிம் மாணவர்களுக்கு நடத்திய புலமைப்பரிசில் திட்டம் நல்ல முன்மாதிரி. அந்தப் பணம் சமூகத்துக்கு நன்கொடை, மாணவருக்கு வட்டியில்லாக் கடன். படித்து உழைக்கத் தொடங்கியவர் திருப்பிக் கொடுப்பது அடுத்த மாணவரின் படிப்புக்குப் போகும். இதே கர்ழன் ஹஸனாவை எமது நகரங்களின் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தனவந்தர்களும் சேர்ந்து தொடங்கலாம். பெற்றோர் வட்டிக் கடனில் விழுவதையும் அது தடுக்கும். ஸகாத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை உலமாக்கள் வழிகாட்டுவார்கள். ஸதகாவில் ஒரு பங்கு நம் அயலிலுள்ள லயன் வீட்டுப் பிள்ளைக்கும் போகட்டும். நம் கடைகள் பிழைப்பதே அந்த வீடுகளின் சம்பளத்தில்தானே.

அடுத்த பெறுபேறு வரும்போது பெற்றோர் முகவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். இந்தப் பல்கலைக்கழகம் மருத்துவ சபையின் பட்டியலில் இருக்கிறதா? இங்கிருந்து போய் அங்கே படித்தவர்களில் எத்தனை பேர் ஈ.ஆர்.பி.எம். சித்தியடைந்திருக்கிறார்கள்? அவர்களில் இருவரிடம் நான் தொலைபேசியில் பேசலாமா? நேரான பதில் வந்தால் மேற்கொண்டு யோசியுங்கள். வராவிட்டால் ஸலாம் சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.